பட்டாவைப் பார்த்துக் கொடுத்த பணம்

மகனே,

பன்னிரண்டு நாளைக்கு முன்பு, கியாக்தான் பக்கத்தில் எட்டு ஏக்கர் வயல் ஒன்றின் வரப்பில் வைத்து, மாரி என்ற குத்தகைக்காரன் மண்வெட்டிக் காம்பால் அடித்து என் இடது மணிக்கட்டை முறித்தான். பதிலுக்கு நான் மூட்டைக் கொக்கியால் அவன் தொடையைக் கிழித்தேன். பிறகு நிலக்காரரின் மருமகன்கள் இரண்டு பேர் ஓடிவந்து, மூங்கில் கழியால் அவனை விலா எலும்பு இரண்டு முறியும்வரை அடித்தார்கள். நடந்தது இதுதான். படகுத்துறையில் வழுக்கி விழுந்தேன் என்று உன்னிடம் தொலைபேசியில் சொன்னது பொய். உன் அம்மா மறுநாளே உனக்கு உண்மையைச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நீ தினமும் ஒரே பாட்டாகப் பாடுகிறாய்: "கேஸ் கொடுங்கப்பா. அவன் பேரைக் கொடுங்க." கொடுக்கப் போவதில்லை. ஏன் என்று தொலைபேசியில் சொல்லி முடியாது. வலது கை நன்றாக இருக்கிறது, எழுதுகிறேன்.

இதை உனக்கு மட்டும் எழுதி ஒட்டி அனுப்பவில்லை. நம் ஆட்கள் நடத்தும் மாதப் பத்திரிகையிலும் போடச் சொல்லியிருக்கிறேன். இங்கே பர்மாவில் உளுந்து, பயறு வாங்கி விற்கிற நாலு பேர் படிக்கட்டும். மாரி என்பது அவன் சொந்தப் பெயர் அல்ல. நிலக்காரரை ஊ தௌங் என்று எழுதுகிறேன், அதுவும் மாற்றிய பெயர்தான். கியாக்தான் பக்கம் எட்டு ஏக்கர் வயல் எத்தனையோ கிடக்கிறது, தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும்.

நீ அங்கே ஐரோப்பாவில் எட்டு வருஷமாகக் குடியானவர்களின் வயலை அளக்கிற வேலை பார்க்கிறாய். அடுத்த மாதம் அளவு நாடாவை வைத்துவிட்டு, அவர்களுக்கு உதவிப்பணம் எந்த நிபந்தனையில் போகவேண்டும் என்று எழுதுகிற மேசைக்குப் போகிறாய். உனக்கு அது பதவி உயர்வு. எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே நான் ஒரே ஒரு போகத்துக்கு அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். அதில்தான் ஒரு காளை செத்தது, இரண்டு பேருக்கு எலும்பு முறிந்தது.

முதலில் எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் நீ சொன்னாய், அங்கே ஐரோப்பாவில் மூட்டைக்குக் காசு இல்லை, நிலத்துக்குக் காசு என்று. ஹெக்டேருக்கு இவ்வளவு என்று வருஷாவருஷம் வங்கியில் விழுமாம். ஓடைக்கரையில் இத்தனை அடி மருந்து அடிக்காமல் விடவேண்டும், குருவி கூடு கட்டுகிற மாதங்களில் வேலி மரத்தைத் தொடக்கூடாது, வானத்திலிருந்து படம் எடுத்துச் சரிபார்ப்பார்களாம். விவசாயத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பணம் தனி, கிராமத்துக்கு ரோடும் பால் கொட்டகையும் தனி. நான் சிரித்தேன். "விளையாட்டாப் போச்சு, குருவிக்கெல்லாம் சம்பளமா?" என்று கேட்டேன். ஆனால் சிரித்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். அலோன் கிட்டங்கியில் மூட்டைமேல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மற்ற வியாபாரிகள் வட்டிக்கு முன்பணம் கொடுத்துக் குடியானவனைக் கட்டிப்போடுகிறார்கள். அறுப்புக் காலத்தில் அவன் வேறு ஒருவனுக்குச் சரக்கைத் தள்ளிவிட்டு ஓடுகிறான். நான் வட்டியில்லாமல் ஏக்கருக்கு இவ்வளவு என்று சும்மாவே கொடுத்தால்? விதைப்பதற்கு முன் கையில் காசு. பதிலுக்கு உளுந்தில் நான் சொல்கிற மருந்தைத் தவிர வேறு மருந்து அடிக்கக் கூடாது, சரக்கு அன்றைய சந்தை விலைக்கு எனக்கு மட்டும். தர்மம் என்று நினைத்துவிடாதே. முழுக்க வியாபாரம்.

உன்னிடம் நான் மறைத்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நீ அன்றைக்கு இன்னொரு பாதியையும் சொன்னாய். நாற்பது வருஷம் பிறர் நிலத்தில் மாடு மேய்த்த ஒருவரைப் பற்றி. உதவிப்பணம் வர ஆரம்பித்ததும், நிலத்துச் சொந்தக்காரர் அந்தப் பணத்தின் அளவுக்கே குத்தகையை ஏற்றிவிட்டார் என்றாய். நான் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாதிரி உளுந்தைப் பல்லில் கடித்து ஈரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காசாகிற பாதியைக் கேட்டேன், மற்றதைக் கேட்கவில்லை. அதே வருஷம் உங்கள் அலுவலக வாசலில் டிராக்டர்கள் வந்து சாணத்தைக் கொட்டி, டயரைக் கொளுத்தி, இரும்பு நட்டை எடுத்து எறிந்தார்களே, உன் பக்கத்து மேசைப் பெண்ணின் நெற்றி பிளந்ததே, அன்று நீ அழுதுகொண்டே கேட்டாய்: "காசு வாங்குறவங்க ஏன்ப்பா அடிக்கிறாங்க?" நான் என்ன சொன்னேன்? "நன்றி கெட்ட ஜென்மங்கடா" என்றேன். வாங்குகிறவனும் அடிக்கிறவனும் ஒரே ஆளா என்று கேட்கத் தோன்றவில்லை.

இந்த வருஷம் பிக்குகளின் மழைக்கால விரதமான வா மாதங்கள் முடிந்ததும் கியாக்தானுக்குப் போனேன். நெல் அறுத்த ஈரம் மண்ணில் இருக்கும்போதே உளுந்து விதைத்தாக வேண்டும், நாள் தவறினால் அந்தப் போகம் போய்விடும். அதனால் அவசரம். பட்டா வைத்திருப்பவர்கள் பட்டியலை எடுத்தேன். பட்டாவைப் பார்த்தேன், ஏக்கரைப் பெருக்கினேன், பணத்தைக் கொடுத்தேன், கைரேகை வாங்கினேன். ஊ தௌங் ஓய்வு பெற்ற குமாஸ்தா, வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதை. எட்டு ஏக்கருக்கு எட்டு லட்சம் க்யாட் எண்ணி வாங்கிக்கொண்டு எனக்கு லப்பெயெ கொடுத்தார், நம் பால் தேநீர் மாதிரி தித்திப்பாக. அந்த எட்டு ஏக்கரைப் பதினோரு வருஷமாக உழுகிறவன் மாரி என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முப்பது வருஷமாக உளுந்து விற்கிறேன், ஒரு குடியானவன் வீட்டுக்குள் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததில்லை. சந்தையில் மூட்டையைப் பார்ப்பேன், இப்போது பட்டாவைப் பார்த்தேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவேண்டும் என்பார்கள். இங்கே பூசாரி வரத்தையே மடியில் கட்டிக்கொண்டார். சும்மா இருந்ததற்கே எட்டு லட்சம் என்றால், டிராக்டரை வாடகைக்கு வைத்துத் தானே விதைத்தால் என்ன வரும் என்று ஊ தௌங் கணக்குப் போட்டார். வயலை விட்டுப் போகச் சொன்னார். மாரி போகவில்லை. தண்ணீர்க் குழாயை அறுத்தார்கள். போகவில்லை. வாயாடி அவன், தெருவில் நின்று ஊ தௌங்கின் தகப்பன் பெயரையெல்லாம் இழுத்தான். அன்று மாலை மருமகன்கள் மாரியின் வைக்கோல் போரில் தீ வைத்தார்கள். பக்கத்துக் கொட்டகையில் கட்டியிருந்த காளை கயிற்றை அறுக்க முடியாமல் வெந்தது. கயிறு எரிந்து அறுந்தபிறகு வெளியே வந்து, தோல் உரிந்த முதுகோடு வயலில் சுற்றிச் சுற்றி ஓடியதாம். கடைசியில் மாரியே அதைப் பிடித்துப் படுக்கவைத்துக் கழுத்தை அறுத்திருக்கிறான். தன் கையால் கொம்பு சீவி வளர்த்த மாடு. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் நான் போய் வரப்பில் நின்று, உழவு நடந்திருக்கிறதா என்று தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஆட்கள் செய்வதைப் பார்த்துப் பழகியதுதான். மண்வெட்டியோடு ஒருவன் வந்தான்.

"மொதலாளி, போட்டோ நல்லா வருதா?"

"யாருப்பா நீ?"

"பதினோரு வருஷமா நீங்க விக்கிற உளுந்து நான் வெதச்சது. இப்ப கேக்குறீங்க, யாருன்னு."

"ஊ தௌங் வயல்தானே இது?"

"பட்டா அவருது. பாத்துட்டுத்தானே குடுத்தீங்க. காளை என்னுது. அதப் பாத்தீங்களா? அங்க கெடக்கு, அதையும் ஒரு போட்டோ எடுங்க."

காலால் மண்ணைத் தள்ளி மூடிய மேடு ஒன்றைக் காட்டினான். எனக்கு விஷயம் புரியவில்லை, ஆனால் கூலிக்காரன் மாதிரி இருக்கிறவன் குரலை உயர்த்தினால் எனக்குப் பிடிக்காது. "உனக்கும் எனக்கும் பேச்சில்லை, போய் உன் ஆள்கிட்ட கேளு" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை மறுபடி தூக்கினேன். தூக்கிய கையில் அடி விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த அகப்பைக் காம்பு உடைவது மாதிரிதான் இருந்தது. சேற்றில் விழுந்தேன். என் பிடரியில் முழங்காலை வைத்து முகத்தை மண்ணுக்குள் அழுத்தினான். வாயிலும் மூக்கிலும் சேறு. பதினேழு வயதில் அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நாளிலிருந்து கொக்கி என் இடுப்பில் இருக்கிறது. அங்கே மூட்டை தூக்க முறை வாங்குவதற்குக்கூடக் கொக்கியைக் காட்டவேண்டும், காட்டியிருக்கிறேன், குத்தியும் இருக்கிறேன். வலது கை தானாக அங்கே போனது. தொடையில் ஏறிய கொக்கியை இழுத்தேன். அவன் கத்தியதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் அது நடந்தது.

அவன் பெண்டாட்டி மா ஏ ஓடிவந்தாள். பர்மாக்காரி. மாரியோடு வாழ்ந்து, தமிழைச் சண்டைக்கு வேண்டிய அளவு கற்றுக்கொண்டவள். என் கொக்கிக் கையை மிதித்துக்கொண்டு, "சோறு திங்கிற கையாடா இது, பாவி!" என்றாள். அதற்குள் மருமகன்கள் வந்துவிட்டார்கள். மா ஏயைத் தள்ளிவிட்டு மாரியை அடிக்க ஆரம்பித்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க அவர்கள் விடவில்லை. கழி ஒடிந்தது, வேறு கழி எடுத்தார்கள். நான் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து வாயிலிருந்து மண்ணைத் துப்பினேன். துப்பிவிட்டுச் சொன்னேன்: "இன்னும் போடு."

மகனே, உன்னையும் ஒரு தடவை அடித்திருக்கிறேன், ஞாபகம் இருக்கும். உனக்குப் பத்தொன்பது வயது. ஈரமான மூட்டை ஒன்றை, கொண்டுவந்தவள் அழுதாள் என்று நீ நல்ல மூட்டைகளோடு சேர்த்துவிட்டாய். சுமைக்காரர்கள் பார்க்க, கொக்கியின் மரப்பிடியால் உன் தோளில் போட்டேன். "மூட்டையைப் பார்றா, மூஞ்சியைப் பாக்காதே" என்றேன். உன் தோளெலும்பு இன்னும் குளிர்காலத்தில் வலிக்கிறது என்று உன் அம்மா சொல்கிறாள். அந்த மூட்டை பூசணம் பிடித்ததும் உண்மை, நஷ்டமும் உண்மை. ஆனாலும் அன்று நான் உனக்குச் சொன்னது தப்பான பாடம். மூட்டையைத் தள்ளிவிட்டு அவளிடம் ஏன் மழைக்கு முன் காயவைக்க முடியவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். நீ கேட்டிருப்பாய். நான் அடித்ததில் அந்தக் கேள்வி போய்விட்டது. இதற்கு மன்னிப்பு என்று தனியாக ஒரு வரி எழுத எனக்கு வரவில்லை. இந்தப் பத்தியை அப்படி எடுத்துக்கொள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட அன்று நம் பகுதி வார்டு நிர்வாக அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, யார் அடித்தது என்று குறிப்பேட்டைத் திறந்தார். மாரிக்கு வயது முப்பத்திரண்டு. இன்றைக்கு இந்த ஊரில் அந்த வயதில் ஒருவன் பெயர் ஒரு காகிதத்தில் ஏறினால், அவன் சிறைக்குப் போவானா, பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்களா என்று யாரும் சொல்ல முடியாது. நீ இருக்கிற இடத்தில் கேஸ் கொடுத்தால் வக்கீல் வருவார். இங்கே போனவன் திரும்பி வருவது அதிர்ஷ்டம். கை முறிந்ததற்கு ஒரு ஆளையே விலையாக வாங்குகிற வியாபாரம் எனக்கு வேண்டாம். வழுக்கி விழுந்தேன் என்றேன். குறிப்பேட்டை மூடிக்கொண்டு போனார்.

ஐந்தாம் நாள் மா ஏ க்யிம்யிண்டைங்கில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பட்டப்பகல், சந்தைக் கூட்டம், எல்லாரும் பார்க்க. உன் அம்மாதான் உள்ளே கூப்பிட்டுப் பாய் போட்டாள். நான் கட்டோடு கட்டிலில்.

"என்ன வேணும்?" என்றேன்.

"வயல். காசு. காளை."

"காளைய நான் எரிக்கல."

"தீ ஊ தௌங் வீட்டுத் தீ. வெறகு உன்னுது."

"சரி, பாதி விலை தர்றேன்."

"பாதிக் காளைய வச்சி எப்படி ஓட்டுறது? முன்னால பாதியா, பின்னால பாதியா?"

உன் அம்மா சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் யார் பக்கம் என்று சொல்லவேண்டியதில்லை. மா ஏ சிரிக்கவில்லை. கட்டில் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னும் போடுன்னு சொன்னே. தமிழ்ல சொன்னே. அவனுங்களுக்குத் தமிழ் தெரியாது. அவனுங்க பாட்டுக்கு அடிச்சானுங்க. அது கேட்டது ரெண்டே பேருக்கு. எங்க மாரிக்கு, எனக்கு. வெலா ஒடிஞ்சதுக்கு அவரு அழல. அந்தச் சொல்லுக்கு அழுதாரு, நம்ம ஆளு சொன்னாருன்னு. அதுக்கு என்ன வெலை, மொதலாளி? சொல்லு."

"அந்த விலைய நீயே சொல்லு, தர்றேன்" என்றேன்.

மண்ணில் ஈரம் இன்னும் பன்னிரண்டு நாளைக்குத்தான் என்றாள். அதற்குள் விதைக்காவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு அடுத்த மழைவரை ஒன்றுமில்லை. மறுநாளே கட்டுக் கையோடு ஊ தௌங் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை லப்பெயெ வரவில்லை. "சட்டப்படி நிலம் என்னுடையது" என்றார். "சட்டம் உங்களுடையது, ஐயா. உளுந்து வாங்குகிறவன் நான். இந்தப் பக்கத்து வியாபாரிகள் நாலு பேரிடமும் பேசிவிட்டேன். மாரி விதைக்காத உளுந்தை உங்கள் வயலிலிருந்து யாரும் எடுக்கமாட்டார்கள். உங்கள் மருமகன்கள் தின்று தீர்க்கட்டும்" என்றேன். நாலு பேரிடம் பேசவில்லை, ஒருவரிடம்தான் பேசியிருந்தேன். ஊ தௌங் வெளியே தன் வைக்கோல் போரை ஒரு தடவை பார்த்தார். தீ திரும்பியும் வரும் என்று குமாஸ்தாவுக்கும் தெரியும். அரைமணி நேரம் இழுத்துவிட்டு இறங்கினார்.

இப்போது உன் மேசைக்கு வருகிறேன். நிலம் யார் பெயரில் என்று கேட்கிற வரி உங்கள் படிவத்தில் கட்டாயம் இருக்கும். அதற்குக் கீழே, இந்தப் போகத்தில் அதில் இறங்கி வேலை செய்கிறவர் யார் என்று இன்னொரு வரி கேள். காகிதத்தில் வந்த பதிலை நம்பாதே, போய்ப் பார். பணம் போவதற்கு முன்பே குத்தகை எவ்வளவு, எத்தனை வருஷம் என்று எழுத்தில் வாங்கிவிடு. பணம் போனபிறகு யாரும் எழுதித் தரமாட்டார்கள். வீட்டுக்குள் உட்கார், கொடுப்பதைக் குடி, பெண்டாட்டியிடம் தனியாகக் கேள், புருஷன்மார் சொல்லாத கணக்கு அவர்களிடம் இருக்கும். உன் பக்கத்து மேசைப் பெண்ணின் நெற்றியைப் பிளந்தவனை நான் நியாயப்படுத்தவில்லை, அவனை உங்கள் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அந்தக் கூட்டத்தில் உங்கள் பணம் ஒரு காசுகூடக் கைக்கு வராதவர்கள் எத்தனை பேர் நின்றார்கள் என்று யாராவது எண்ணினார்களா? புது மேசையில் முதல் வாரம் அந்தக் கணக்கை எடு. உன்னைத் திட்டுவார்கள், நிலம் வைத்திருப்பவர்கள் பெரிய கைகள். அடியும் விழலாம். என் மகன் அடி வாங்குவதை நான் விரும்பவில்லை. ஆனால் நான் வாங்கிய மாதிரி, காரணம் தெரியாமல் வாங்காதே.

இனி பேசி முடித்தவை. ஊ தௌங் எட்டு ஏக்கரையும் மூன்று வருஷத்துக்கு மாரிக்கே விடுகிறார், ஏக்கருக்கு ஆறு கூடை நெல், பழைய குத்தகைதான், ஏற்றம் கிடையாது. என்னிடம் வாங்கிய எட்டு லட்சத்தில் ஐந்தைத் திருப்புவார், மூன்று எனக்கு நஷ்டம். ஏக்கருக்கு ஒரு லட்சம் இனி விதைக்கிறவன் கையில், பாதி விதைப்பன்று, பாதி பூ விடும்போது. உளுந்து அன்றைய கியாக்தான் சந்தை விலைக்கு எனக்கு, பிடித்தம் ஒன்றும் இல்லை. காளை முழு விலை, பாதி ஊ தௌங், பாதி நான். மாரியின் வைத்தியமும், விலா கூடும்வரை உழவுக்கும் விதைப்புக்கும் ஆள் கூலியும் என்னுடையது. யாரும் யார் மேலும் புகார் கொடுப்பதில்லை. அந்தச் சொல்லுக்கு மா ஏ கேட்ட விலை தனி: நாளை மறுநாள் விதைப்புத் தொடங்கி முடிகிறவரை, மூன்று நாளும், மருமகன்களின் வீட்டுப் பக்கம் இருக்கிற வரப்பில் நான் தனியாக நிற்கவேண்டும், இடுப்பில் கொக்கி இல்லாமல், கழி வந்தால் முதல் அடி எனக்கு விழுகிற இடத்தில். பேரம் பேசவில்லை. ஒப்புக்கொண்டேன்.

அப்பா